மாமாவின் வண்டி, நைனாவின் எஞ்சின், என் சபதம்

மேடையில் பேசிப் பழகியவனுக்கு ஒரு வியாதி உண்டு. தடுமாறாமல் சொல்லி முடித்த எதையும் செய்து முடித்துவிட்டதாகவே நம்பிவிடுவான். கைதட்டல் காதில் விழுந்துவிட்டால் போதும், காரியம் கைகூடிவிட்டது என்று துண்டைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிடுவான். எனக்கு அந்த வியாதி இருபத்திரண்டாம் வயதில் முற்றியிருந்தது. மருந்து, ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வடிவில் வந்தது.

அது எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று ஊர் ஊராக நிலம் அளந்துகொண்டிருந்தார்கள். புதுவாயலுக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் வயல். அதைப் பார்த்துக்கொண்டவர் என் தந்தை (எங்கள் பக்கத்து வழக்கில் நைனா). அவருடைய ஒரே மகனான நான் ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் பட்டப்படிப்பு என்ற பெயரில் பேச்சுப் போட்டிகளில் கலந்துகொண்டிருந்தேன். குடும்ப அட்டையில் என் பெயர் ஏழுமலை. சுவரொட்டியில் இளஞ்சேரல். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை நான் தினமும் நாவினால் கடந்துகொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "அன்னையே, ஆறிப்போன அன்னத்திற்கு ஆவி பறக்கும் குழம்பு அணி சேர்க்கட்டும்" என்று நான் கேட்டபோது, அம்மா என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஜொரம் ஒண்ணும் இல்லியே" என்றாள்.

புதுவாயல் நெடுஞ்சாலை ஓரம் எங்கள் படிப்பகம். மாதந்தோறும் அங்கே பந்தல் போட்டு விவாதம் நடத்துவோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தலைவர். அவர் கையில் ஒரு மணி இருக்கும். அதை அடித்தால் பேச்சு நின்றாக வேண்டும். அந்த மணியைத் தவிர உலகில் எதற்கும் நான் அஞ்சியதில்லை, வசந்தா வரும் வரை.

வசந்தா எளாவூர்க்காரர். மாநில எல்லையில் லாரிகளை நிறுத்திச் சோதிக்கும் சாவடிக்கு எதிர் வீடு. திருவள்ளூரில் ஆசிரியப் பயிற்சி முடித்தவர். அன்றைய தலைப்பு, 'எந்திரம் மனிதனுக்கு ஏற்றமா, ஏமாற்றமா?' நான் ஏற்றம், அவர் ஏமாற்றம். ஏர் பிடித்த கைகள் இனி எந்திரத்தை ஏவும் என்று தொடங்கி, எகரத்திலும் ஏகாரத்திலும் கிடைத்த சொற்களையெல்லாம் திரட்டி நான் முழங்கி அமர்ந்தேன். வசந்தா எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"மாற்றணித் தலைவர் எந்திரத்தைப் பற்றி மிக அழகாகப் பேசினார். ஒரே ஒரு ஐயம். அவர் இதுவரை எந்த எந்திரத்திலாவது ஒரு திருகாணியைக் கழற்றியிருக்கிறாரா?"

பந்தல் சிரித்தது. வெளியே தேநீர்க் கடையில் நின்ற லாரி ஓட்டுநர்கள்கூடச் சிரித்தார்கள். பொறுமையுள்ள எவனும் அந்த இடத்தில் தானும் சிரித்திருப்பான். நானோ மைக்கைப் பற்றிக்கொண்டேன்.

"என் மாமாவின் வீட்டுக் கொல்லையில் ஒரு மோட்டார் சைக்கிள் செத்துக் கிடக்கிறது. அடுத்த கூட்டத்தன்று அதை என் கையால் உயிர்ப்பித்து, அதன்மீது அமர்ந்து இந்தப் பந்தலுக்குள் வருவேன். வராவிட்டால் இந்த மேடையில் இனி என் பாதம் படாது."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தலைவர் அதை அப்படியே தீர்மானமாக ஒலிபெருக்கியில் திரும்பச் சொல்லி உறுதிப்படுத்திவிட்டார். வீட்டுக்கு நடந்துவரும்போதுதான் எனக்கு வியர்த்தது. உழத் தெரியாது, நீந்தத் தெரியாது, சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தெரியாது. பேச்சும் போய்விட்டால் என்னிடம் மிஞ்சுவது ஒரு துண்டு மட்டுமே.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவிந்தன் என்பது பெயர். அம்மாவின் அண்ணன். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகு சென்னையில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது, ஆசை தாங்காமல் இரண்டு பொருள்களை எடுத்துவந்தவர். ஒன்று, ஆகாய விமானத்திலிருந்து இறக்குவதற்கென்றே செய்த, கன்றுக்குட்டி அளவிலான மோட்டார் சைக்கிள். மற்றொன்று, அதே கம்பெனி அதே வடிவத்தில் செய்த எஞ்சின் பூட்டிய தண்ணீர் பம்பு. வண்டியைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். பம்பைத் தங்கையின் கல்யாணத்தில் சீராகக் கொடுத்துவிட்டார். எங்கள் அம்மாவின் சீர்வரிசையில் பித்தளை அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே கயிறு சுற்றி இழுத்துக் கிளப்பும் எஞ்சின் ஒன்று மஞ்சள் குங்குமத்தோடு நின்றது. அந்த எஞ்சின்தான் அன்றுமுதல் எங்கள் நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைத்தது. மாமாவின் வண்டி சில வருடங்கள் ஓடிவிட்டுப் படுத்துவிட்டது. அதன் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்து வந்தது.

"மாப்ளே, இதுக்கா பேஜாராவுற?" என்றார் மாமா, கோழியை இறக்கிவிட்டபடி. "இதுவும் உங்க ஊட்டு எஞ்சினும் ஒரே வயித்துல பொறந்ததுங்க. அதுல ஓடறது இதுல ஓடாதா? கழட்டிப் போடு."

"நைனா ஒப்புக்கொள்வாரா, மாமா?"

"நான் குடுத்த சீருடா அது. குடுத்தவனே கொஞ்சம் எடுத்துக்கினா இன்னா தப்பு?"

சட்ட நுணுக்கம் மிகுந்த வாதமாக அது எனக்குப் பட்டது. கூட்டத்துக்கு முந்தின நாள், நில அளவை விவகாரமாக நைனா திருவள்ளூருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, நாங்கள் இருவரும் வண்டியை வயலோரப் பம்பு கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

பம்பு எஞ்சினின் பிளக்கை எடுத்து வண்டியில் போட்டோம். உதைத்தோம். அசைவில்லை. கார்புரேட்டரை மாற்றினோம். அசைவில்லை. பெட்ரோல் வரும் குழாயை மாற்றினோம், கோழி மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. (வண்டியை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே வந்திருந்தது, பாவம்.) எல்லாவற்றையும் பழையபடி பொருத்தினோம். எஞ்சியது மேக்னெட் என்னும் காந்தச் சக்கரம். எஞ்சினின் பக்கவாட்டில் சுழன்று, உள்ளே தீப்பொறியை உண்டாக்குவது அதுதான். இரண்டு எஞ்சினிலிருந்தும் அதைக் கழற்றி அருகருகே வைத்தோம். அளவு ஒன்று, நிறம் ஒன்று, துளை ஒன்று. விளிம்பில் வார்த்திருந்த அம்புக்குறி மட்டும் வேறு. ஒன்றில் இடப்பக்கம் நோக்கியிருந்தது, மற்றொன்றில் வலப்பக்கம்.

"இது என்ன மாமா, அம்பு?"

"கம்பெனி முத்தர மாப்ளே. வெள்ளக்காரன் எதுலயாச்சும் ஒண்ணு போட்டுக்கினே இருப்பான்."

நான் அந்த அம்பைத் தடவிப் பார்த்தேன். "இலக்கு நோக்கிப் பாயும் இளைஞனின் சின்னம்" என்றேன். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, அந்த ஸ்பானர எடு" என்றார்.

பம்பின் மேக்னெட் வண்டிக்கு ஏறியது. வண்டியின் மேக்னெட்டைப் பம்பில் பொருத்தினோம், நைனா வந்து பார்த்தால் காலியாக இருக்கக் கூடாதல்லவா? அதற்குமுன் மாமா அதன் உட்புறத்து முனைகளை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, வேட்டி நுனியால் துடைத்தார். "அழுக்கா இருந்தா மச்சான் கண்டுபுடிச்சிடுவாரு" என்றார். கூட்டம் முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுவது என்பது ஏற்பாடு.

மாமா வண்டியை உதைத்தார். உதைத்த மிதி எதிர்த்து வந்து அவர் கெண்டைக்காலில் ஓர் அறை விட்டது. அடுத்த கணம் எஞ்சின் கிளம்பிவிட்டது. என்ன குரல் அதற்கு. இத்தனை வருடம் பேசாமலிருந்த ஆத்திரமெல்லாம் தீர அது பேசியது. மாமா காலைத் தேய்த்துக்கொண்டே ஆடினார். நான் ஆகாயத்தைப் பார்த்து வணங்கினேன்.

"வா மாப்ளே, வரப்பு மேல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடலாம்."

இங்கேதான் ஒரு பேச்சாளனால் மட்டுமே செய்யக்கூடிய தவற்றை நான் செய்தேன். "வேண்டாம் மாமா. முதல் ஓட்டம் மக்கள் மன்றத்தில். ஒத்திகை பார்த்த வெற்றியில் ஒளி இராது" என்றேன். ஆகவே கியரைப் போட்டுப் பார்க்கவே இல்லை. அன்று மாலை முழுவதும் நான் ஒத்திகை பார்த்தது வேறொன்றை. வண்டியிலிருந்து இறங்கியதும் ஆற்ற வேண்டிய உரையைக் கண்ணாடி முன் நின்று, கற்பனையில் மைக்கைச் சற்று உயர்த்திக்கொண்டு பேசிப் பழகினேன்.

மறுநாள் வண்டியை வைக்கோலுக்குள் மறைத்து மாட்டுவண்டியில் ஏற்றி, புதுவாயலுக்குக் கொண்டுவந்தோம். பந்தலின் வாசலுக்கு நேர் எதிரே, பந்தலைப் பார்த்தபடி மோட்டார் சைக்கிளை இறக்கி நிறுத்தினோம். அதற்குப் பின்னால் வைக்கோலோடு மாட்டுவண்டி. மாடுகளை அவிழ்த்து அப்பால் கட்டியாயிற்று. நான் வெள்ளைச் சட்டையில், தோளில் துண்டோடு ஏறி அமர்ந்தேன். உள்ளே தலைவரின் குரல் ஒலித்தது.

"சொன்ன சொல் தவறாத இளஞ்சேரல் இதோ வாசலில் நிற்கிறார். இனி அவர் நம்மை நோக்கி முன்னேறி வருவார்."

உதைத்தேன். மிதி எதிர்த்தது, எஞ்சின் கிளம்பியது. பந்தலுக்குள் கைதட்டல் எழுந்தது. நெஞ்சை நிமிர்த்தி, கியரைத் தட்டி, கிளட்சை விட்டேன்.

பந்தல் என்னைவிட்டு விலகிச் சென்றது.

அந்தக் கணம் எனக்கு அப்படித்தான் தோன்றியது. பந்தலும் வாழைமரமும் வரவேற்பு வளைவும் என்னைக் கைவிட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தன. போனவன் நான்தான் என்பது, வைக்கோலுக்குள் முதுகு புதைந்து எஞ்சின் நின்ற பிறகுதான் விளங்கியது.

"மாப்ளே, ரிவர்ஸ் கியர போட்டுட்டியா?"

"மோட்டார் சைக்கிளுக்கு ரிவர்ஸ் கியரே கிடையாது, மாமா."

"அப்ப இது இன்னா பண்ணுச்சு?"

மீண்டும் வாசலுக்குத் தள்ளிவந்து, மீண்டும் உதைத்து, மீண்டும் கிளட்சை விட்டேன். மீண்டும் வைக்கோல். தேநீர்க் கடைக் கூட்டம் முழுவதும் இப்போது சாலைக்கு வந்துவிட்டது. "இன்னாபா இது, வண்டி கோச்சிக்கினு ஊட்டுக்குப் போவுதா?" என்றான் ஒரு லாரி ஓட்டுநர். தலைவர் உள்ளிருந்து, "நண்பருக்கு இன்னும் சிறிது அவகாசம் தருகிறேன், அதன்பின் மணியடிப்பேன்" என்று அறிவித்தார். அந்த மணி ஒலித்தால் என் மேடை வாழ்வு முடிந்தது. கழுத்துக்குள் வைக்கோல் குத்த, வாழ்வில் முதல்முறையாக எனக்குச் சொல் வரவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வசந்தா வந்தார். சிரிக்கத்தான் வருகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மேடையில் கேட்ட செந்தமிழ் இல்லை, எளாவூர்த் தமிழில் பேசினார்.

"இன்னாங்க, இது பின்னாலதான போவுது?"

"ஆமாம்."

"நல்லாத்தான போவுது?"

"மிக நன்றாகப் போகிறது" என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்புறம் இன்னா? வண்டியத் திருப்பி நிறுத்துங்க. மூஞ்சி ரோட்டப் பாக்கட்டும், முதுகு பந்தலப் பாக்கட்டும். தானா உள்ள வரும். எங்க ஊட்டாண்ட டெய்லி எத்தினி லாரி ரிவர்ஸுலயே வந்து நிக்குது, எவனாச்சும் அழறானா?"

நான் நிமிர்ந்தேன். "தாங்கள் எதிரணி. எனக்கு ஏன் உதவுகிறீர்கள்?"

"நீங்க பேசாம போயிட்டா நான் யாரோட பேசறது? அந்தாளு மணியோடவா?" என்றுவிட்டு உள்ளே போய்த் தம் நாற்காலியில் அமர்ந்துகொண்டார்.

மாமாவும் நானும் வண்டியைத் திருப்பினோம். நான் ஏறி, கழுத்தைத் திருகிப் பின்னால் பார்த்துக்கொண்டு, கிளட்சை மெதுவாக விட்டேன். வண்டி பந்தலுக்குள் புறப்பட்டது. வளைவைக் கடந்தது. ஒரு வாழைமரத்தைச் சாய்த்தது. பாயில் அமர்ந்திருந்தவர்கள் பாயோடு ஒதுங்கினார்கள். "வா, வா, வா, லெப்ட்ல ஒடி, இன்னும் வா" என்று லாரி கிளீனர்கள் இருவர் தட்டித் தட்டி வழிகாட்டினார்கள். மேடையின் மூங்கிலில் பின்சக்கரம் முட்டி எஞ்சின் அணைந்தபோது, என் முதுகு தலைவரைப் பார்த்தது, என் முகம் அவையைப் பார்த்தது. எந்தப் பேச்சாளனும் நிற்க வேண்டிய திசையில்தான் நான் வந்து சேர்ந்திருந்தேன்.

தலைவர் மணியைக் கையில் பிடித்தபடி திகைத்தார். "இது வருகையா, இல்லையா?" என்று அவையைக் கேட்டார். வசந்தா எழுந்தார்.

"தலைவர் அவர்களே, சபதத்தை நானும் கேட்டேன். வண்டியில் அமர்ந்து பந்தலுக்குள் வருவேன் என்றார். அமர்ந்திருக்கிறார், பந்தலுக்குள் இருக்கிறார். வண்டி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று நாம் அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்காதது நம் தவறு."

தலைவர் மணியைக் கீழே வைத்தார். பந்தல் அதிர்ந்தது. நான் கண்ணாடி முன் பழகிய உரைக்கு வாயைத் திறந்தேன்.

அதே நேரத்தில் சைக்கிளைப் பந்தல் வாசலில் சாய்த்துவிட்டு நைனா உள்ளே வந்தார். வலது உள்ளங்கையில் ஈரத்துணி சுற்றியிருந்தது. முழங்கால்வரை புழுதி, சேற்றின் அடையாளமே இல்லை. முதலில் என்னைப் பார்த்தார். பிறகு வண்டியின் வயிற்றில் மாட்டியிருந்த மேக்னெட்டைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா சாய்ந்த வாழைமரத்தை நிமிர்த்துவதில் மும்முரமாக இருந்தார்.

"கோய்ந்தா."

"மச்சான்."

"எஞ்சின இழுத்தா கயிறு கைய பிச்சிக்கினு உள்ள போவுது. அப்பறம் நல்லாத்தான் ஓடுது. ஆனா பம்பு தண்ணியத் தள்ள மாட்டேங்குது. காத்தாலேர்ந்து ஓட்டறேன், நாத்து காயுது. நீ குடுத்த சீருக்கு இன்னா ஆச்சு?"

அதற்குள், அவர் ஏதோ பேச வந்திருக்கிறார் என்று நினைத்து எவனோ ஒருவன் மைக்கை அவர் வாயருகே நீட்டிவிட்டான். தலைவரும் அவைமரபு பிறழாமல், "பெரியவர் எந்த அணி?" என்று கேட்டார்.

நைனா அதுவரை மைக்கில் பேசியதில்லை. ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு அணியெல்லாம் தெரியாதுங்க. நேத்து வரைக்கும் ஒரு எஞ்சின் நல்லா இருந்துது. இன்னைக்கு இந்த எஞ்சின் பின்னால போவுது, அந்த எஞ்சின் தண்ணி குடுக்கல. ரெண்டுத்துக்கும் நடுவுல பூந்து வந்தது ஒரு மனுசன். எந்திரத்தக் குத்தம் சொல்லாதீங்க."

அன்றைய கைதட்டலைப் போல ஒன்றை நான் அதற்குமுன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. தலைவர் விவாதத்தையே அத்தோடு முடித்துவிட்டார். ஒருவகையில் வென்றது என் அணி. என்னை வைத்து நிரூபிக்கப்பட்டது என்பதுதான் வருத்தம்.

பந்தல் கலைவதற்குள், தேநீர்க் கடையில் நின்ற ஒரு லாரிக்காரர் அந்த அம்புக்குறியின் பொருளைச் சிரித்துக்கொண்டே விளக்கிவிட்டார். அது எஞ்சின் சுழலும் திசையாம். பம்பு ஒரு பக்கம் சுழல்வது, வண்டி மறுபக்கம் சுழல்வது. தீப்பொறி விழும் நேரம் மாறிவிட்டால், அந்தச் சிறிய எஞ்சின் எந்தப் பக்கமும் சுழலுமாம், இரண்டுக்கும் அதே குரலாம். உடனே நைனா, மாமா, நான் மூவரும் கொட்டகைக்குப் போய் மேக்னெட்டுகளை மாற்றினோம். பொழுது சாய்வதற்குள் பம்பு தண்ணீரைத் தள்ளியது, நாற்று பிழைத்தது. வண்டியும் அதன் சொந்த மேக்னெட்டில் ஒரே உதையில் கிளம்பி, ஒழுங்காக முன்னால் போயிற்று. அத்தனை வருடங்களாக அந்த வண்டிக்குத் தேவைப்பட்டதெல்லாம் மாமாவின் உப்புத்தாளும் வேட்டி நுனியும்தான். வேறெதையும் நாங்கள் தொட்டிருக்கவே வேண்டியதில்லை.

"அப்ப நான்தான் ரிப்பேர் பண்ணேன்" என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். நைனா பல நாள் அவரோடு பேசவில்லை. பேசத் தொடங்கியதும், "எளாவூருக்கு ஒரு நட போய்ட்டு வா கோய்ந்தா, அந்தப் பொண்ணு ஊட்டுல பேசிப் பாரு. இவனத் திருப்பி நிறுத்தறதுக்கு ஓராளு ஊட்டுலயே வேணும்" என்றார். எங்கள் கல்யாணத்தில் அந்த மோட்டார் சைக்கிளை மாமா சீராகக் கொடுத்தார், மஞ்சள் குங்குமத்தோடு. கோழியையும் கொடுக்க முன்வந்தார். அம்மா தடுத்துவிட்டாள்.

இன்றும் எங்கள் வீட்டில் நான் ஏதேனும் ஒன்றில் பிடிவாதம் பிடித்து, ஏகாரங்களை அடுக்கி, மைக் இல்லாத இடத்தில் மைக்கைச் சரிசெய்யத் தொடங்கினால், பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டை மெதுவாக நகர்த்திக்கொண்டு தங்கள் அம்மாவைப் பார்ப்பார்கள். வசந்தா குழம்புக் கரண்டியைக் கீழே வைக்காமலே சொல்வாள்:

"வண்டியத் திருப்பி நிறுத்துங்க."

நான் திருப்பி நிறுத்திவிடுவேன். அப்படி நிறுத்திய ஒவ்வொரு முறையும் சரியான இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறேன் என்பதை அவளிடம் மட்டும் இதுவரை சொன்னதில்லை.